புகையாக வைக்கும் ஆன்டிபயாட்டிக்: மலை மேல் ஒரு ஐ.சி.யூ. அனுபவம்

மருந்துக்கடையிலிருந்து கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக் குப்பிகளை வாங்கிக்கொண்டு ஐ.சி.யூ. வாசலுக்கு வருகிற உறவினர்கள் பெரும்பாலும் கேட்பது இதைத்தான்: "சிஸ்டர், இது ஊசியா, புகையா?" இரண்டும்தான் என்று சொன்னால் குழம்பிப்போவார்கள். ஊசிக்குச் சக்தி போதாதா, ஆஸ்துமாக்காரர்களுக்கு நெபுலைசரில் வைக்கிற அதே மருந்துப் புகையில் நிமோனியா எப்படிச் சரியாகும், ஒரே மருந்துக்கு ஏன் இரண்டு மடங்கு செலவு என்று அடுத்தடுத்துக் கேள்வி வரும். கேட்பதில் தப்பே இல்லை. குன்னூர்ப் பக்கம் நடுத்தர மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பல வருடங்களாக நர்ஸாக இருக்கிறேன். வாசலில் நின்றபடி அவசர அவசரமாகச் சொல்லிவந்த பதிலை இங்கே நிதானமாக எழுதுகிறேன். நோயாளியின் குடும்பத்தாருக்கும் பயன்படும், புதிதாக வேலைக்கு வந்த நர்ஸ் தம்பி தங்கைகளுக்கும் பயன்படும்.

முதலிலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சிகிச்சையில் எந்த மருந்து என்பதைவிட அதை எப்படி வைக்கிறோம் என்பதுதான் பெரிய விஷயம். கேஸ் ஷீட்டில் ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு மணி நேர வேலை இருக்கிறது. அதை அரைகுறையாகச் செய்தால் விலையுயர்ந்த மருந்து பிளாஸ்டிக் குழாயின் சுவரில் படிந்து வீணாகும்.

ஒருவரைப் பற்றிச் சொன்னால் புரியும். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பச்சைத் தேயிலை ஏற்றுகிற லாரி ஓட்டுபவர், நாற்பதைத் தாண்டியவர். காய்ச்சல் வந்து போன பிறகு கால் மரத்தது, அப்புறம் கை சோர்ந்தது, கடைசியில் மூச்சு வாங்கியது. கில்லன்-பாரே நோய். உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்குகிற நோய் இது. நரம்பு தேறும்வரை வென்டிலேட்டர் என்ற செயற்கைச் சுவாச இயந்திரம்தான் மூச்சு விட்டாக வேண்டும், அது வாரக்கணக்கில் ஆகலாம். அவருக்கு நினைவு தெளிவாக இருந்தது. பேச முடியாது, கை தூக்க முடியாது, புருவம் மட்டும் அசையும். ஒருமுறை தூக்கினால் ஆமாம், இரண்டுமுறை தூக்கினால் இல்லை. நுரையீரல் அன்றுவரை சுத்தமாக இருந்தது.

இரண்டாவது வாரத்தில் காய்ச்சல் ஏறியது. சக்‌ஷன் (சளியை உறிஞ்சும் குழாய்) போட்டால் வருகிற சளி கெட்டியாகி மஞ்சள், பிறகு பச்சை. ஆக்சிஜன் அளவைக் கூட்ட வேண்டியிருந்தது. எக்ஸ்ரேயில் வலது பக்கம் கீழே புதிதாக ஒரு வெள்ளைத் திட்டு. குழாய் போட்டு 48 மணி நேரத்துக்கு மேல் ஆனபின் இப்படி வருவதைத்தான் வென்டிலேட்டர் நிமோனியா என்கிறோம். இயந்திரமே கிருமியை உள்ளே ஊதுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. மூச்சுக்குழாயில் போட்ட டியூபைச் சுற்றி கஃப் என்ற சிறு பலூன் இருக்கும். வாயிலும் தொண்டையிலும் ஊறுகிற எச்சில் அந்தப் பலூனுக்கு மேலே தேங்கி, மடிப்புகளின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கும். ஐ.சி.யூ.வில் சில நாள் இருந்தவரின் வாயில் இருப்பவை வீட்டுக் கிருமிகள் அல்ல. அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ் போன்றவை அங்கே குடியேறியிருக்கும்.

சளியைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு மசியும் என்று பார்க்கும் சோதனைக்கு, அனுப்பினோம். அந்த ரிப்போர்ட்டைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும், குடும்பத்தார் பலர் இதில் பயந்துபோகிறார்கள். அசினெட்டோபாக்டர் என்று போட்டு, கீழே வரிசையாக மருந்துப் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே "ஆர்". அதாவது அந்த மருந்துக்குக் கிருமி மசியாது. கோலிஸ்டினுக்கு எதிரே மட்டும் "ஐ", அதாவது நடுத்தரம். அவருடைய மனைவி கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். "அக்கா, இதுவும் பாதிதான் கேட்குமாமே?" அப்படிப் பொருள் கொள்ளக் கூடாது. 2020 முதல் அமெரிக்க ஆய்வகத் தரநிலை அமைப்பு கோலிஸ்டினுக்கு "எஸ்" (கிருமி மருந்துக்கு மசியும்) என்ற பிரிவையே எடுத்துவிட்டது. இந்த மருந்தின் அளவை ரத்தத்தில் கணிப்பது கஷ்டம், பலனும் எதிர்பார்த்தபடி வருவதில்லை என்பதால் இனி "ஐ" அல்லது "ஆர்" மட்டும்தான். அந்த முறையைப் பின்பற்றுகிற ஆய்வகத்தில் கோலிஸ்டினுக்குக் கிடைக்கக்கூடிய நல்ல எழுத்தே "ஐ"தான். இன்னொன்று: கோலிஸ்டினை டிஸ்க் (மருந்து தோய்த்த காகித வில்லை) வைத்துச் சோதிக்கிற சாதாரண முறை நம்பத்தகுந்ததல்ல. எந்த முறையில் பார்த்தார்கள் என்று டாக்டர் ஆய்வகத்தை ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

சரி, ஏன் புகை? கோலிஸ்டின் பழைய மருந்து. 1940களின் இறுதியில் ஜப்பானில் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து எடுத்தார்கள். சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று பிற்பாடு ஒதுக்கிவைத்துவிட்டார்கள். மற்ற மருந்துகளுக்குக் கிருமிகள் மசியாமல் போனதும் மறுபடி தூசு தட்டி எடுக்க வேண்டியதாயிற்று. இது எவ்வளவு அருமையான கையிருப்பு என்றால், கோழி, கால்நடைத் தீவனத்தில் கலப்பதை இந்திய அரசு 2019 ஜூலையில் தடைசெய்தது. ஊசியாகப் போட்டால் ரத்தத்தில் இருக்கும், நுரையீரலின் உட்புறச் சவ்வுக்குப் போதுமான அளவு போய்ச் சேராது. அளவைக் கூட்டலாம் என்றால் சிறுநீரகம் தாங்காது. அமிக்காசின் போன்ற வேறு ஆன்டிபயாட்டிக்குகளுக்கும் ஏறக்குறைய இதே சிக்கல். மூச்சு வழியாகக் கொடுத்தால் கிருமி இருக்கிற இடத்திலேயே மருந்து செறிவாக இறங்கும், ரத்தத்துக்குப் போவது குறைவு. யோசனை நல்ல யோசனைதான்.

ஆனால் யோசனை நன்றாக இருப்பதும் ஆய்வில் பலன் தெரிவதும் ஒன்றல்ல. 2016இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல், இந்த இரண்டு வகை மருந்துக்கு மட்டுமே அடங்குகிற கிருமி என்றால் ஊசியோடு சேர்த்துப் புகையும் கொடுக்கலாம் என்றது. அடுத்த வருடமே ஐரோப்பிய நிபுணர் குழு ஒன்று, ஆதாரம் பலவீனம், வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றது. 2020இல் வெளியான இன்ஹேல் என்ற பெரிய ஆய்வில் 500க்கும் மேற்பட்ட நோயாளிகளில் அமிக்காசின் புகையை ஊசி மருந்துகளோடு சேர்த்துப் பார்த்தார்கள். உயிர் பிழைப்பதில் வித்தியாசம் தெரியவில்லை. அதனால் எங்கள் டாக்டர் எல்லா நிமோனியாவுக்கும் இதை எழுதுவதில்லை. வேறு வழியில்லாத கிருமிக்கு, ஊசிக்குத் துணையாக மட்டும். புகை மட்டும் போதும், ஊசி வேண்டாம் என்று எந்தக் குடும்பமாவது கேட்டால் என் பதில் வேண்டாம் என்பதுதான். கிருமி ரத்தத்தில் இறங்கியிருந்தால் புகையால் அங்கே ஒன்றும் செய்ய முடியாது.

இனி வைக்கிற விதம். மருந்துத் துளி 1 முதல் 5 மைக்ரானுக்குள் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருந்தால்தான் சின்னக் காற்றுப்பாதைகள்வரை போகும். பெரிய துளி வழியிலேயே படிந்துவிடும். சாதாரண ஜெட் நெபுலைசர் ஆக்சிஜனின் வேகத்தில் மருந்தைச் சிதறடிக்கிறது. அதில் நிறைய மருந்து கோப்பையிலும் குழாயிலுமே நின்றுவிடும். போதாக்குறைக்கு, அந்த ஆக்சிஜன் வென்டிலேட்டர் கொடுக்கிற மூச்சோடு சேர்ந்து கணக்கைக் குழப்பும். நோயாளி தானாக இழுக்கிற சின்ன மூச்சை இயந்திரம் கவனிக்காமலும் போகலாம். மெஷ் நெபுலைசர் என்பது நுண்ணிய துளைகள் உள்ள தகடு அதிர்ந்து புகையாக்குகிற வகை. வெளியிலிருந்து காற்று தேவையில்லை, கோப்பையில் மிச்சம் மிகக் குறைவு, நுரையீரலுக்குப் போவதும் ஜெட்டைவிட இரண்டு மூன்று மடங்கு. விலை அதிகம்தான். எங்கள் பிரிவில் இருப்பது ஒன்றே ஒன்று, இரண்டு பேருக்குத் தேவைப்பட்டால் ஆன்டிபயாட்டிக் வைக்கப்படுகிறவருக்கே அதில் முன்னுரிமை. மூச்சுக்குழாயை விரிக்கிற சால்பியூட்டமாலுக்கு ஜெட் போதும்.

பொருத்துகிற இடம் அடுத்தது. உள்மூச்சு, வெளிமூச்சுக் குழாய்கள் சேருகிற ஒய் இணைப்புக்குச் சற்று முன்னால், உள்மூச்சுக் குழாயில், 15 முதல் 40 சென்டிமீட்டர் தள்ளி. வாய்க்கு நேரே வைத்தால் பாதி மருந்து வெளிமூச்சோடு திரும்பிப் போய்விடும். இடையில் எச்.எம்.இ. ஃபில்டர் (மூச்சின் சூட்டையும் ஈரத்தையும் பிடித்துவைக்கும் வடிகட்டி) இருந்தால் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் மருந்து முழுக்க அந்தப் பஞ்சுக்குத்தான். புதிதாக வந்த பிள்ளைகளிடம் முதல் நாளே நான் கேட்கிற கேள்வி, "ஃபில்டர் எங்கே இருக்கு, காட்டு". வென்டிலேட்டரின் ஈரப்பதமூட்டியை அந்த நேரத்துக்கு அணைப்பதா கூடாதா என்பதில் ஒவ்வோர் ஐ.சி.யூ.வுக்கும் ஒரு வழக்கம். எங்கள் வழக்கம் அணைப்பது. அணைத்தால் மறுபடி போட ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். மறந்தால் வறண்ட காற்றில் சளி இறுகி டியூபே அடைத்துக்கொள்ளும்.

வெளிமூச்சுப் பக்கம் ஒரு ஃபில்டர் கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் மருந்து இயந்திரத்தின் சென்சாரில் படிந்து அளவுகள் தப்பாகக் காட்டும், மிச்சப் புகையை நாங்களும் சுவாசிப்போம். ஆனால் அதே ஃபில்டர் மருந்து ஊறி அடைத்துக்கொண்டால் நோயாளியால் மூச்சை வெளியே விட முடியாது. காற்று உள்ளே சேர்ந்து, அழுத்தம் ஏறி, ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். அதனால் ஒவ்வொரு முறை வைத்ததும் மாற்றுவது எங்கள் வழக்கம். இது எவ்வளவு செலவு என்று நிர்வாகத்தில் கேட்பார்கள், கேட்கட்டும்.

இயந்திர அமைப்பிலும் மாற்றம் உண்டு. காற்று வேகமாகப் பாய்ந்தால் துளிகள் வளைவுகளில் மோதிப் படியும். அதனால் டாக்டர் வேகத்தைக் குறைத்து உள்மூச்சு நேரத்தைக் கூட்டுவார், மூச்சு முழுதாய் உள்ளே போனதும் கொஞ்சம் நிறுத்திவைப்பார். நோயாளி இயந்திரத்தோடு மல்லுக்கட்டினால் எல்லாம் வீண். முடிந்ததும் பழைய எண்களுக்குத் திரும்ப வேண்டும். அந்த எண்களை மாற்றுவதற்கு முன்பே எழுதிவைத்துக்கொள்ளுங்கள், நினைவை நம்பாதீர்கள்.

கலப்பது எளிது, ஆனால் விதி கண்டிப்பு. வைக்கப்போகும்போதுதான் கலக்க வேண்டும். கோலிஸ்டிமெத்தேட் என்ற பொடி தண்ணீரில் கலந்து நின்றால் மெல்ல மெல்ல கோலிஸ்டினாக மாறும், அது நுரையீரலைப் புண்ணாக்கக்கூடியது. முன்கூட்டியே கலந்து விற்ற மருந்தைப் புகையாக எடுத்த ஒருவர் இறந்ததை அடுத்து 2007இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரிக்கையே விட்டது. காலையில் மொத்தமாகக் கலந்து ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று வேளைக்கு வைக்கிற சுறுசுறுப்பு இங்கே வேண்டாம். குப்பியைக் குலுக்கவும் கூடாது, நுரை கட்டிக்கொள்ளும். உருட்டிக் கரைத்தால் போதும்.

அளவில்தான் ஆபத்தான குழப்பம் வருகிறது. சில குப்பியில் யூனிட் கணக்கு, சில குப்பியில் மில்லிகிராம். 10 லட்சம் யூனிட் என்பது கோலிஸ்டிமெத்தேட்டாக 80 மில்லிகிராம், கோலிஸ்டின் என்ற அடிப்படையில் பார்த்தால் 33, 34 மில்லிகிராம்தான். வெறும் "80" என்றோ "2" என்றோ எழுதியிருந்தால் டாக்டரிடம் கேட்காமல் கையை வைக்கக் கூடாது. எங்கள் நோயாளிக்கு எழுதியது எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 20 லட்சம் யூனிட் புகை, கூடவே ஊசி தனிக் கணக்கு. ஆளுக்கு ஆள் மாறும், இதைப் பார்த்து யாரும் அளவு முடிவுசெய்ய வேண்டாம். ஊசிக்கான குப்பியையும் புகைக்கான குப்பியையும் தனித்தனி டப்பாவில் பேர் எழுதி வைப்பது நல்லது.

மலையில் இருப்பதால் எங்களுக்குச் சில கூடுதல் வேலைகள். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுகிற நாட்களில் வார்டு எவ்வளவு மூடினாலும் குளிரும். இயந்திரத்திலிருந்து வருகிற சூடான ஈரக்காற்று குளிர்ந்த குழாயில் பட்டுத் தண்ணீராகத் தேங்கும். மருந்துப் புகை அந்தத் தண்ணீரில் கரைந்துவிடும். வைப்பதற்கு முன் குழாயை வடித்துவிடுவது, நோயாளி பக்கம் சாயாமல் வடிப்பது, இரண்டும் முக்கியம். தென்மேற்குப் பருவமழையில் மரம் விழுந்து கரண்ட் போனால் மெஷ் நெபுலைசர் நடுவில் நிற்காமல் இருக்க அதையும் யு.பி.எஸ். இணைப்பில்தான் செருகுகிறோம். வடகிழக்குப் பருவமழையில் குன்னூர்-மேட்டுப்பாளையம் பாதையில் மண் சரிந்தால் கோவையிலிருந்து மருந்து வருவது தள்ளிப்போகும். அந்த மாதங்களில் குடும்பத்தாரிடம் மூன்று நாளுக்கான குப்பியைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். அதற்குமேல் வாங்கிக் குவிக்கவும் வேண்டாம், கல்ச்சர் மாறினால் மருந்தும் மாறும். இன்னொன்று, இந்த உயரத்தில் நல்ல நுரையீரலுக்கே ஆக்சிஜன் அளவு சமவெளியைவிடச் சற்றுக் குறைவாகத்தான் காட்டும். கோவையிலிருந்து வரும் சொந்தக்காரர் மானிட்டரில் 95ஐப் பார்த்து நூறு ஏன் வரவில்லை என்று சண்டைக்கு வருவார். நூறை எட்டுவதற்காக ஆக்சிஜனை ஏற்றுவது நல்லதல்ல.

முதல் முறை வைத்தபோது நான் அவர் பக்கத்திலிருந்து நகரவில்லை. கோலிஸ்டின் புகை சிலருக்கு மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். அதற்காகவே கால் மணி நேரம் முன்பு சால்பியூட்டமால் வைக்கிறோம். அப்படியும் பாதி மருந்து போனபோது இயந்திரத்தில் உச்ச அழுத்தம் ஏறத் தொடங்கியது. "அண்ணா, நெஞ்சு இறுக்குதா?" புருவம் ஒருமுறை உயர்ந்தது. நிறுத்தினோம். டாக்டர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தார், விசில் சத்தம் இருந்தது. மறுபடி சால்பியூட்டமால், சற்று ஓய்வு, மிச்ச மருந்தை இன்னும் மெதுவாக. அடுத்தடுத்த வேளைகளில் அவ்வளவு தொந்தரவு இல்லை. மயக்கத்தில் இருக்கிறவருக்குப் புருவம் பேசாது. அவருக்குப் பேசுவது உச்ச அழுத்தமும் ஆக்சிஜன் அளவும்தான். அதனால் அந்த இருபது, முப்பது நிமிடம் வேறு வேலை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது என் பிடிவாதம். ஆள் பற்றாக்குறையான இரவுகளில் இதைக் காப்பாற்றுவது சிரமம் என்பதும் எனக்குத் தெரியும்.

நான்கைந்து நாளில் காய்ச்சல் இறங்கியது, சளி வெளுத்தது, ஆக்சிஜன் தேவை குறைந்தது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறி நின்றது, ஊசியின் அளவைத் திருத்தினார்கள். புகைதான் காப்பாற்றியது என்று அவர் மனைவி எல்லோரிடமும் சொன்னார். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஊசியும் போனது, மணிக்கணக்கில் பிசியோதெரபியும் நடந்தது, நெஞ்சைத் தட்டிச் சளியை எடுத்தவர்கள் இருந்தார்கள். எது எவ்வளவு என்று ஒரு நோயாளியை வைத்துப் பிரிக்க முடியாது.

அதன்பிறகு கழுத்தில் டிரக்கியாஸ்டமி (மூச்சுக்குழாயில் துளையிட்டு டியூப் வைப்பது) போட்டு, நீண்ட மறுவாழ்வுச் சிகிச்சைக்காகக் கோவைக்கு அனுப்பினோம். மலையிலிருந்து இறக்கும்போது பலர் யோசிக்காத ஒன்று அந்தக் கஃப் பலூன். கீழே போகப் போகக் காற்றழுத்தம் கூடும், பலூனுக்குள் இருக்கிற காற்று சுருங்கும். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கினால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும். பலூன் தளர்ந்தால் மேலே தேங்கிய எச்சில் நேராக நுரையீரலுக்கு இறங்கும், வளைவில் ஆம்புலன்ஸ் குலுங்கும்போது இன்னும் சுலபமாக. அதனால் கிளம்புமுன் வாயையும் தொண்டையையும் நன்றாகச் சக்‌ஷன் எடுத்து, கஃப் அளவியைக் கூடவே அனுப்பி, வழியில் பர்லியாரில் ஒருமுறை, கல்லாறு தாண்டி ஒருமுறை பார்க்கச் சொல்கிறோம். 20 முதல் 30 சென்டிமீட்டர் தண்ணீர் அழுத்தத்துக்குள் இருக்க வேண்டும். கீழிருந்து மேலே கொண்டுவரும்போது நேர் எதிர், பலூன் உப்பி மூச்சுக்குழாயின் சுவரை நெருக்கும், காற்றைக் கொஞ்சம் எடுக்க வேண்டிவரும்.

நிமோனியா வருமுன்பே தடுக்க இந்தப் புகை உதவுமா என்ற கேள்விக்கு ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. பிரான்சில் 19 ஐ.சி.யூ.க்களில், மூன்று நாள் வென்டிலேட்டரில் இருந்தவர்களுக்கு அடுத்த மூன்று நாள் தினம் ஒருமுறை அமிக்காசின் புகை வைத்தார்கள். 2023இல் முடிவு வந்தது. நிமோனியா 22 சதவீதத்திலிருந்து 15 ஆகக் குறைந்தது, ஆனால் இறப்பில் தெளிவான வித்தியாசம் இல்லை. எங்கள் டாக்டர் இன்னும் தொடங்கவில்லை. நம் ஊர்க் கிருமிகளில் பல ஏற்கெனவே அமிக்காசினுக்கு மசிவதில்லை என்பது அவர் தயக்கம். எனக்கும் அது நியாயமாகவே படுகிறது.

குடும்பத்தார் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உள்ளே வருமுன் கை கழுவுங்கள், வந்ததும் கட்டிலின் தலைப்பக்கம் 30 டிகிரிக்கு மேல் உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் தயங்காமல் எங்களைக் கேளுங்கள். கோலிஸ்டின் வாங்கப் போகும்போது சின்னப் பிள்ளைகளுக்கான மென்மையான டூத் பிரஷ் ஒன்றும் வாங்கி வாருங்கள். டியூப் போட்ட வாயை நாங்கள் தினமும் துலக்கிவிடுகிறோம், பெரியவர்களுக்கான பிரஷ் அந்த இடுக்கில் நுழையாது.